மேலாண்மை அறிவியல் பட்டங்கள்: கொடுக்கும் கட்டணத்துக்கு எது ஈடாகிறது?

அளவுசார் முறைகளைக் கற்பிக்கும் பட்டப்படிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவருக்கு முதலில் எதிர்ப்படும் தடங்கல், ஏறத்தாழ ஒரே பாடம் மூன்று நான்கு பெயர்ப்பலகைகளின் கீழ் விற்கப்படுவதுதான். நேரியல் திட்டமிடல் (நேரியல் சமன்பாடுகளாக எழுதிய வரம்புகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடுவது), காத்திருப்பு வரிசைக் கோட்பாடு, முன்கணிப்பு, சிமுலேஷன் (கணினியில் நிகழ்வைப் போலிசெய்து பார்ப்பது), சரக்கிருப்புக் கட்டுப்பாடு ஆகியவற்றை வணிகப் பள்ளியில் மேலாண்மை அறிவியல் என்கிறார்கள். பொறியியல் புலத்தில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்கிறார்கள். அண்மைக் காலமாக அவற்றின் மேல் இயந்திரக் கற்றலைச் சிறிது தூவி பிசினஸ் அனலிட்டிக்ஸ் என்கிறார்கள். நான் இவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்று, சரக்குப் போக்குவரத்துத் திட்டமிடலில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, இப்போது புதிதாகப் பட்டம் பெற்று வருகிறவர்களை நேர்காணல் செய்யும் இடத்தில் இருக்கிறேன். எனவே இந்த மதிப்புரை, மாணவனாக இருந்து பணம் கட்டியவனின் பார்வையும் அந்தப் படிப்பின் விளைவை எதிர்முனையிலிருந்து பார்க்கிறவனின் பார்வையும் கலந்தது.

பெயர்க் குழப்பம் வெறும் பெயரளவில் நின்றுவிடுவதில்லை. அமெரிக்கக் கல்வித் துறையின் பாடப்பிரிவு வகைப்பாட்டில் மேலாண்மை அறிவியல், வணிகப் புள்ளியியல், காப்பீட்டு இடர்களைக் கணக்கிடும் ஆக்சுவரியல் சயின்ஸ் மூன்றும் 52.13 என்ற ஒரே எண்ணின் கீழ் அடங்குகின்றன. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பொறியியலின் 14-ஆம் தொகுதியில் இருக்கிறது. பிசினஸ் அனலிட்டிக்ஸ் பலதுறைப் படிப்புகளுக்குரிய 30-ஆம் தொகுதியில் இடம்பெற்றிருக்கிறது. ‘மேலாண்மை அறிவியலில் சிறந்த மதிப்புள்ள கல்லூரிகள்’ என்ற தலைப்பில் வெளியாகும் பட்டியல்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு தயாரிக்கப்படும்போது, காப்பீட்டு நிறுவனத்தில் தேர்வு மேல் தேர்வாக எழுதிக்கொண்டிருக்கும் ஆக்சுவரியின் சம்பளமும் கிடங்கு ஒன்றில் திட்டமிடுபவராகச் சேர்ந்தவரின் சம்பளமும் ஒரே சராசரிக்குள் போய்விடுகின்றன. அந்தச் சராசரி இருவரில் ஒருவருக்கும் பொருந்தாது.

வெளிநாட்டு மாணவருக்கு இந்த எண் இன்னொரு வகையிலும் முக்கியமானது. அமெரிக்காவில் படித்து முடித்தவருக்கு 12 மாதப் பணிப் பயிற்சி அனுமதி உண்டு; பாடம் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்ற பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதங்கள் நீட்டிப்புப் பெறலாம். மேலாண்மை அறிவியல் அந்தப் பட்டியலில் இருக்கிறது, பொது வணிக நிர்வாகம் இல்லை. இதனாலேயே பல வணிகப் பள்ளிகள் தங்கள் எம்.பி.ஏ. படிப்பின் ஒரு பிரிவையோ முழுவதையுமோ மேலாண்மை அறிவியல் என்ற எண்ணுக்கு மாற்றிக்கொண்டன. அவற்றுள் சிலவற்றின் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தால், எண் மாறிய அளவுக்குப் பாடம் மாறவில்லை என்பது விளங்கும். அனுமதி நீட்டிப்புக்கு மதிப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மதிப்பு பாடத்தினுடையது என்று எண்ணி யாரும் சேரக்கூடாது.

இந்தக் கணிதம் வணிகப் பள்ளிக்குள் வந்த கதை சுருக்கமானது. இரண்டாம் உலகப் போரின்போது படைகளின் ரேடார் நிலையங்களையும் கப்பல் தொடர்களையும் ஆராய்ந்த அறிவியலாளர்களின் முறைகள் போருக்குப் பிறகு தொழிற்சாலைகளுக்கு வந்தன. 1947-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக், நேரியல் திட்டமிடல் கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையை வகுத்தார். 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னெகி அறக்கட்டளையும் தனித்தனியே நிதியளித்து வெளிவந்த இரண்டு அறிக்கைகள், வணிகக் கல்வி ஆழமற்றதாக இருக்கிறது, அதில் கணிதமும் புள்ளியியலும் புகுத்தப்பட வேண்டும் என்று கடுமையாகச் சொன்னபின் வணிகப் பள்ளிகள் பெருமளவில் அளவுசார் துறைகளைத் தொடங்கின. இரு வேறு வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளைப் போல, வணிகப் பள்ளியின் படிப்பும் பொறியியல் புலத்தின் படிப்பும் இன்றும் வெவ்வேறு இயல்புகளோடு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தனித்தனியே பார்ப்பதற்கு முன், இந்தப் படிப்பில் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மென்பொருளுக்காக அன்று. வணிக நிறுவனங்கள் பெருந்தொகை கொடுத்து வாங்கும் குரோபி, சிப்ளெக்ஸ் போன்ற சால்வர்கள் (இத்தகைய கணக்குகளுக்கு உகந்த விடையைக் கண்டுதரும் மென்பொருள்கள்) மாணவர்களுக்கு இலவச உரிமத்தில் கிடைக்கின்றன. ஹைஸ் போன்றவை எல்லோருக்குமே இலவசம். பைத்தான் நிரல்மொழியைக் கற்பதற்கு எவருக்கும் கட்டணம் தேவையில்லை. நூல்களும் விரிவுரைகளும் அப்படியே. கட்டணம் கொடுத்து மட்டுமே எளிதில் பெறக்கூடியது ஒன்று உண்டு: குழப்பமான ஒரு நடைமுறைச் சிக்கலைக் கணித வடிவத்தில் எழுதி, அது தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கற்றவர் ஒருவர் சுட்டிக்காட்ட, மீண்டும் எழுதிப் பழகும் வாய்ப்பு.

இதற்கு டான்ட்சிக் தாமே சொன்ன உணவுக் கணக்கைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. தேவையான சத்துகளை மிகக் குறைந்த செலவில் தரும் உணவுக் கலவை எது என்ற கேள்வியைப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-இல் 77 உணவுப் பொருள்களையும் 9 சத்துகளையும் வைத்து ஆராய்ந்து, ஆண்டுக்கு 39.93 டாலர் என்று ஏறத்தாழக் கணித்திருந்தார். 1947-இல் சிம்ப்ளெக்ஸ் முறையைச் சோதிப்பதற்காக அதே கணக்கைக் கையால் இயக்கும் கணக்கிடு கருவிகளைக் கொண்டு போட்டபோது, பலர் சேர்ந்து ஏறத்தாழ 120 ஆள்-நாள்கள் உழைத்து, 39.69 டாலர் என்ற உகந்த விடையைக் கண்டார்கள். பின்னர் 1950-களில் டான்ட்சிக் தமது உடல் எடையைக் குறைப்பதற்காக ஒரு கணக்கை எழுதினார். வயிறு நிறைந்த உணர்வைத் தர வேண்டும் என்பதற்காக, நீரின் எடையைக் கழித்த உணவு எடை மிகுதியாக இருக்க வேண்டும் என்று இலக்கை அமைத்தார். கணினி அவருக்கு 500 காலன் வினிகரைப் பரிந்துரைத்தது, ஏனென்றால் தரவில் வினிகரின் நீரளவு சுழியம் என்று பதிவாகியிருந்தது. வினிகரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால், நாளொன்றுக்கு 200 சூப்புக் கட்டிகளை உண்ணச் சொன்னது. சால்வர் தன் வேலையைப் பிழையின்றிச் செய்தது. பிழை இலக்கிலும் வரம்புகளிலும் தரவிலும் இருந்தது.

நேர்காணலில் நான் தேடுவது இந்த வினிகரை ஒருமுறையாவது சந்தித்துவிட்டு வந்தவரைத்தான். நீங்கள் எழுதிய கணித மாதிரி அபத்தமான விடை தந்த ஒரு தருணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்பேன். நல்ல படிப்பை முடித்தவர் உடனே சிரித்துவிட்டுச் சொல்லத் தொடங்குவார். மற்றவர் தாம் பயன்படுத்திய மென்பொருள்களின் பெயர்களைப் பட்டியலிடுவார்.

இனிப் படிப்புகளுக்கு வருவோம். வணிகப் பள்ளியின் மேலாண்மை அறிவியல் இளநிலைப் பட்டம், இவற்றுள் மிகவும் சமநிலையானது என்பது என் கருத்து. கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல் ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பதால் மாணவருக்கு நிறுவனத்தின் மொழி புரிகிறது; தொழிற்சாலை மேலாளரிடம் ‘உங்கள் வரம்புகள் என்ன’ என்று கேட்காமல் ‘எந்த நாளில் எந்த இயந்திரம் கிடைக்காது’ என்று கேட்கத் தெரிகிறது. இதன் குறை கணித ஆழம். பல பாடத்திட்டங்களில் நேரியல் திட்டமிடல் எக்செல் சால்வரோடு நின்றுவிடுகிறது. ஒரு வரம்பைத் தளர்த்தினால் எவ்வளவு பயன் என்பதைச் சொல்லும் இருமைக் கோட்பாடு ஒரு வகுப்பில் தொட்டுவிட்டு விடப்படுகிறது. விடைகள் முழு எண்களாகவே இருக்க வேண்டிய கணக்குகளுக்கான முழுஎண் திட்டமிடல் விருப்பப்பாடமாகத் தள்ளப்படுகிறது. நடைமுறையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை ‘வண்டியை அனுப்புவதா, வேண்டாமா’ என்ற வகையினவாக இருக்கையில், முழுஎண் திட்டமிடல் இல்லாத படிப்பை மேலாண்மை அறிவியல் என்று அழைப்பது நீச்சல் குளத்தின் படிக்கட்டு வரை கூட்டிச்சென்றுவிட்டு நீச்சல் கற்பித்ததாகச் சொல்வதற்கு ஒப்பாகும். பாடத்திட்டத்தில் நான் முதலில் தேடும் வரி அதுவே: முழுஎண் திட்டமிடல் கட்டாயப்பாடமா?

பொறியியல் அல்லது கணிதப் புலத்தின் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் இதற்கு நேரெதிர். இங்கே கணிதம் உறுதியாக இருக்கிறது. நிகழ்தகவு, உகப்பாக்கம் (மிகச் சிறந்த விடையைத் தேடுவது), சிமுலேஷன் மூன்றும் கணித நிறுவல்களோடு கற்பிக்கப்படுகின்றன. மாணவர் ஒரு வழிமுறையைத் தாமே நிரலாக எழுதிப் பார்க்கிறார். முனைவர் ஆய்வுக்குப் போக எண்ணுகிறவருக்கும், விமான நிறுவனங்களிலோ மின்கட்டமைப்புகளிலோ பெரிய அட்டவணைச் சிக்கல்களைத் தீர்க்க விரும்புகிறவருக்கும் இதுதான் சரியான இடம். குறை என்னவென்றால், பாடநூலின் சிக்கல்கள் ஏற்கெனவே எழுதப்பட்டவையாக வருகின்றன. தரவு முழுமையாக இருக்கிறது, இலக்கு ஒன்றே ஒன்றாக இருக்கிறது, வரம்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதில்லை. பார்சல் விநியோக நிறுவனமான யு.பி.எஸ்.-இன் ஓரியன் என்ற வழித்தட அமைப்பு இத்துறையின் உயரிய பரிசான எடெல்மன் விருதை 2016-இல் பெற்றது. அதன் வரலாற்றைப் படிக்கிறவர்கள், வழிமுறையை எழுதியதைவிட வரைபடத் தரவைத் திருத்துவதும் ஓட்டுநர்கள் ஏற்றுக்கொள்ளும் வழித்தடத்தைத் தருவதும் எவ்வளவு கடினமாக இருந்தன என்பதைக் காணலாம். அந்தக் கடினத்துக்கு இந்தப் படிப்புகள் மாணவரைத் தயார்செய்வது அரிது. ஆனாலும், ஆழம் இருப்பவருக்கு நடைமுறையைக் கற்பிப்பது எளிதென்றும், நடைமுறை மட்டும் தெரிந்தவருக்குப் பின்னாளில் ஆழத்தைக் கற்பிப்பது கடினமென்றும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

முதுநிலை பிசினஸ் அனலிட்டிக்ஸ் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் விளம்பரப்படுத்தப்படுவதும் அதிகக் கட்டணம் கேட்பதும் அதுவே. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 2007-இல் பத்து மாத முதுநிலை அனலிட்டிக்ஸ் படிப்பைத் தொடங்கியபோது அது புதுமையானது. ஒரு நிறுவனத்தின் உண்மையான தரவை மாணவர் குழுவிடம் கொடுத்து மாதக்கணக்கில் உழைக்கச் செய்யும் செயல்திட்டம் அதன் மையத்தில் இருந்தது. அந்த வெற்றியைக் கண்டு பின்வந்த பல படிப்புகள் கால அளவையும் பெயரையும் எடுத்துக்கொண்டன, மையத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஓராண்டுக்குள் புள்ளியியல், தரவுத்தளம், இயந்திரக் கற்றல், உகப்பாக்கம், காட்சிப்படுத்தல், மேகக் கணிமை என்று பன்னிரண்டு பாடங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஆறேழு வாரங்களே கிடைக்கும். அதில் கணிப்பது எப்படி என்பது கற்பிக்கப்படுகிறது. கணித்ததை வைத்து என்ன முடிவெடுப்பது என்பது விடுபட்டுப்போகிறது. அடுத்த வாரம் எத்தனை பெட்டிகள் விற்கும் என்று துல்லியமாக முன்கணிக்கத் தெரிந்த பட்டதாரியிடம், அப்படியானால் எத்தனை பெட்டிகளை வாங்கி வைக்கலாம் என்று கேட்டால், முன்கணித்த எண்ணையே திருப்பிச் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். விற்காமல் தேங்கும் பெட்டியின் இழப்பும் கேட்டு வந்தவருக்கு இல்லையென்று சொல்லும் பெட்டியின் இழப்பும் சமமாக இல்லாதபோது அந்த எண் தவறான விடை என்பது மேலாண்மை அறிவியலின் மிகப் பழைய பாடங்களுள் ஒன்று.

ஏற்கெனவே பொருளியலோ பொறியியலோ படித்துச் சில ஆண்டுகள் பணியாற்றி, தம் வேலையிலேயே ஒரு சிக்கலைக் கண்டு, அதைத் தீர்க்கும் கருவிகளைத் தேடி வருகிறவருக்கு இந்த ஓராண்டுப் படிப்பு நன்றாகவே பயன்படுகிறது. கருவியை எங்கே பொருத்துவது என்பதை அவர் தாமே கொண்டுவருகிறார். இளநிலை முடித்தவுடன் சேர்கிறவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

ஆக்சுவரியல் சயின்ஸ் தனி உலகம். இங்கே மதிப்பை நிர்ணயிப்பது பட்டம் அன்று, தொழில்முறைச் சங்கங்களின் தேர்வுகள். நிகழ்தகவும் நிதிக் கணிதமும் முதல் தேர்வுகளாக இருப்பதால், கணிதம் அல்லது புள்ளியியல் படித்தவர் வேறு பட்டமின்றியே அவற்றை எழுதித் தேறலாம். எனவே இந்தப் படிப்பை மதிப்பிட ஒரே கேள்வி போதும்: சங்கத்தின் எத்தனை தேர்வுகளுக்கு இது விலக்கு அளிக்கிறது, அல்லது முடிப்பதற்குள் மாணவர்கள் எத்தனை தேர்வுகளில் தேறுகிறார்கள்? விடை ஒன்று அல்லது சுழியம் என்றால், பேரும் கட்டணமும் எதுவாக இருந்தாலும் சாதாரணக் கணிதப் பட்டமே மேல்.

பணக் கணக்கை இந்தத் துறையின் முறையிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒருவரின் தற்போதைய ஆண்டுச் சம்பளத்தை 100 என்று கொள்வோம். ஓராண்டுப் படிப்பின் கட்டணம் 150; அந்த ஆண்டு இழக்கும் சம்பளம் 100; ஆக முதலீடு 250. படித்து முடித்தபின் சம்பளம் 140 என்றும், படிக்காமல் இருந்திருந்தால் அதே காலத்தில் 110-ஐ எட்டியிருப்பார் என்றும் வைத்துக்கொண்டால், படிப்பால் வந்த ஆண்டு வேறுபாடு 30. விளம்பரங்கள் 40 என்று காட்டும், ஏனென்றால் அவை படிக்காதவரின் சம்பளம் உறைந்து நிற்பதாக எண்ணிக்கொள்கின்றன. 250-ஐ 30-ஆல் வகுத்தால் எட்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல். கடன் வட்டியை ஆண்டுக்கு 8 விழுக்காடு என்று சேர்த்துக்கொண்டால், முதலீடு திரும்ப 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதே கணக்கில் கட்டணத்தை மட்டும் 60-ஆகக் குறைத்தால் ஏழு ஆண்டுகளுக்குச் சற்று மேல் திரும்பிவிடும். இந்த எண்கள் என் ஊகமே. ஒவ்வொருவரும் தமக்குரியதை இட்டுக்கொள்ளலாம். ஆனால் எந்த எண்ணை அசைத்தால் விடை அதிகம் அசைகிறது என்று பார்த்தால், தரவரிசையில் பத்து இடம் மேலே இருப்பதைவிடக் கட்டணத்தில் கிடைக்கும் சலுகை பெரும்பாலும் வலிமையானது என்பது தெரியும்.

சம்பள எண்களை எடுக்கும் இடத்தில்தான் எச்சரிக்கை தேவை. நான் படித்த நிறுவனம் தன் கையேட்டில் வேலைவாய்ப்பு விகிதத்தைப் பெருமையாக அச்சிட்டிருந்தது. வகுக்கும் பகுதி எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. 60 பேர் படித்து, 40 பேர் மட்டும் கருத்தறிதலுக்கு விடையளித்து, அவர்களில் 32 பேர் வேலை தேடியதாகச் சொல்லி, 30 பேருக்கு வேலை கிடைத்திருந்தால், கையேட்டில் 94 விழுக்காடு என்று அச்சாகும். 60-ஐக் கீழே வைத்து வகுத்தால் 50. சராசரிச் சம்பளத்துக்குப் பதில் இடைநிலைச் சம்பளத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேளுங்கள், அதோடு எத்தனை பேரின் சம்பளம் அதில் அடங்கியது என்பதையும் கேளுங்கள். அமெரிக்க அரசு வெளியிடும் காலேஜ் ஸ்கோர்கார்டு, படிப்பு வாரியாக வருமானத்தைத் தருவதால் கையேடுகளைவிட நம்பத்தக்கது. எனினும் அது அரசின் கல்வி நிதியுதவி பெற்ற மாணவர்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது, ஆகவே வெளிநாட்டு மாணவருக்கு நடந்தது என்ன என்பதை அது காட்டாது.

தரவரிசைப் பட்டியல்களைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலான பட்டியல்கள் கட்டணத்துக்கு இவ்வளவு, சம்பளத்துக்கு இவ்வளவு, ஆசிரியர் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று எடைகளைத் தாமாக முடிவுசெய்து கூட்டிவிடுகின்றன. எடையைச் சிறிது மாற்றினால் வரிசை மாறிவிடும் என்பதைப் பட்டியலில் இடம்பெறும் படிப்புகளே இரண்டாம் ஆண்டில் கற்பிக்கின்றன. சுவையான செய்தி என்னவென்றால், இந்தச் சிக்கலுக்கென்றே சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978-இல் தரவு உறையாக்கப் பகுப்பாய்வு என்ற முறையை வெளியிட்டார்கள். அது பிறந்ததே அமெரிக்காவின் ஒரு கல்வித் திட்டத்தைப் பள்ளிவாரியாக மதிப்பிடும் முயற்சியில்தான். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு மிகச் சாதகமான எடைகளைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்று அம்முறை அனுமதிக்கிறது. அப்படித் தேர்ந்துகொண்ட பிறகும் மற்றவற்றை விடப் பின்தங்கும் நிறுவனம் உண்மையாகவே பின்தங்கியது. பதினைந்து கல்லூரிகளின் கட்டணம், காலம், இடைநிலைச் சம்பளம், முடித்தவர் விகிதம் ஆகியவற்றைத் திரட்டி ஒரு மாலைப்பொழுதில் இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். எது முதலிடம் என்பதை அது சொல்லவில்லை. ஆனால் எந்த எடையிலும் தேறாத ஐந்து கல்லூரிகளைச் சந்தேகமின்றிக் காட்டியது. அவற்றுள் இரண்டு நன்கு விளம்பரப்படுத்தப்பட்ட ஓராண்டு அனலிட்டிக்ஸ் படிப்புகள்.

என் வரிசை இதுதான். இளநிலையில், முழுஎண் திட்டமிடலும் நிகழ்தகவும் கட்டாயமாக உள்ள மேலாண்மை அறிவியல் பட்டம், கட்டணம் மிதமாக இருந்தால், முதல் தெரிவு. அப்படிப்பட்டது அருகில் இல்லையென்றால், கணிதமோ புள்ளியியலோ படித்து, நிறுவனப் பாடங்கள் இரண்டு மூன்றை விருப்பப்பாடமாக எடுத்துக்கொள்வது ஏறக்குறைய அதே பயனைத் தரும். முதுநிலையில், ஆய்வேட்டோடு கூடிய ஆபரேஷன்ஸ் ரிசர்ச் படிப்பு கொடுத்த பணத்துக்கு நீண்டநாள் நிற்கிறது. அனலிட்டிக்ஸ் படிப்பில் சேர எண்ணுகிறவர், சென்ற ஆண்டு மாணவர்கள் எழுதிய இறுதிச் செயல்திட்ட அறிக்கைகளில் இரண்டைக் காட்டும்படி சேர்க்கை அலுவலகத்தைக் கேட்க வேண்டும். நிறுவனத்தின் பெயரை மறைத்துக் காட்டினாலும் போதும். அறிக்கையில் முதல் மாதிரி எங்கே தவறியது, ஏன் மாற்றி எழுதப்பட்டது என்ற பகுதி இருக்கிறதா என்று பார்க்கவும். அறிக்கையையே காட்ட மறுத்தால், அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம்கூடச் செலுத்த வேண்டாம் என்பேன்.